டர்னரின் வரைவேடுகள்

ஓவியனின் வரைவேட்டை ஓவியமாகவே கருதுவது பிழை. அப்பிழையால் நேர்ந்த இழப்பை ஆங்கில ஓவியர் டர்னரின் (1775-1851) ஏடுகள் காட்டும்.

அவர் மறைந்தபோது ஏறத்தாழ 300 வரைவேடுகள் எஞ்சின. அவற்றுட் பல சட்டைப்பையில் அடங்கும் சிற்றேடுகள். பிறர்க்குக் காட்டவென்று அவர் அவற்றை வரைந்தாரல்லர். அவை தொழிலுக்கான களஞ்சியம். 1819இல் முதன்முறையாக இத்தாலி முழுதும் சுற்றியபோது ஏறத்தாழ இருபது ஏடுகளை நிரப்பினார். பெரும்பாலானவை பென்சிற் கோடுகளே. வெளியிலிருந்து ஒரு படத்திற்கு வண்ணந்தீட்டும் நேரத்தில் பதினைந்து, பதினாறு பென்சிற் படங்களை வரைந்துவிடலாம் என்று அவர் நேப்பிள்சில் கூறியதாக அக்கால மடலொன்று தெரிவிக்கிறது. வண்ணத்தைச் சிற்சில சொற்களாகக் குறித்துக்கொள்வார். எஞ்சியதை நினைவு சுமந்தது. அப்பயணத்தில் வெனிசில் அவர் தங்கியது சில நாள்களே. ஆயினும், பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1833இல் அந்நகரைத் தைலவண்ணத்தில் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். மீண்டும் வெனிசுக்குச் சென்றது அதன் பின்னரே!

கவிஞர்கள் உற்று நோக்கத்தக்க ஏடு வேறொன்று. 1811இல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைக்குப் புறப்பட்ட டர்னர், அச்சிட்ட வழிகாட்டி நூலொன்றின் பக்கங்களுக்கிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டுவித்து எடுத்துச் சென்றார். அத்தாள்களில் பாறையும் படகும் கோடுகளாக விழுந்தன. அவற்றினூடே நெடுங்கவிதை ஒன்றும் அடித்தல் திருத்தல்களோடு வளர்ந்தது. அவர் வாழ்நாளில் அக்கவிதை அச்சேறவில்லை. அதன் நடை செப்பமற்றது என்பது உண்மையே. எனினும், கண் கண்டதைக் கை கோடாக்குவதா, சொல்லாக்குவதா எனத் தடுமாறிய கணங்களை அவ்வேடு போல் வேறெதுவும் காட்டுவதில்லை.

1857இல் ஜான் ரஸ்கின், இலண்டன் தேசியக் காட்சிக்கூடத்தின் நிலவறையில் தகரப் பெட்டிகளில் கிடந்த 19,000க்கும் மேற்பட்ட தாள்களை ஒழுங்குசெய்ய முற்பட்டார். டர்னரை அவரினும் போற்றியவர் அரியர். அப்போற்றுதலே வினையாயிற்று. சிறந்தனவற்றைச் சட்டமிட்டுக் காட்டும்பொருட்டுச் சில ஏடுகளை அவர் கட்டவிழ்த்தார். தனித்தாள் அழகிய படமாயிற்று. முன்தாளில் கண்ட குன்று அடுத்த தாளில் எவ்வாறு திரும்பிற்று என்னும் செய்தி மறைந்தது. கட்டவிழ்ந்த ஓலைச்சுவடியைக் கையாண்டோர்க்கு இவ்விழப்பு விளங்கும்.

இதனை ஓரளவு சீர்செய்தவர் ஃபின்பெர்க். 1909இல் இரு தொகுதிகளாக வெளிவந்த தம் பட்டியலில், அவர் ஒவ்வோர் ஏட்டையும் ஏடாகவே கொண்டு காலவரிசையில் எண்ணிட்டார். கோடும் கவிதையும் கலந்த கடற்கரை ஏடு அதில் 123ஆம் எண் பெற்றது.