சோழமண்டலம் செய்யாத சோழமண்டலத் தட்டி

ஐரோப்பிய, அமெரிக்க அரும்பொருட் காட்சிச்சாலைகள் பலவற்றில், ஓராள் உயரத்தையும் கடந்து நிற்கும் மடக்குத் தட்டிகளைக் காணலாம். மேற்பரப்பு மை போலக் கறுத்துப் பளபளக்கும். அந்தக் கருமையில் அரண்மனை முற்றங்களும், வேட்டைக்குப் புறப்பட்ட வீரரும், நாரைகளும், பூத்துக் குலுங்கும் மரங்களும் வெண்மை, பசுமை, செம்மை, நீலம் எனப் பல நிறங்களில் குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றின் அருகே உள்ள பெயர்ச்சீட்டில் ‘கோரமண்டல்’ என்று எழுதியிருக்கும்.

வங்கத்தில் வாழும் நம்மவர்க்கு இந்தச் சொல்லைக் கேட்டதும், 1977 முதல் அங்கிருந்து சென்னைக்கு ஓடும் விரைவு வண்டியே நினைவுக்கு வரும். சோழமண்டலம் என்பதே ஐரோப்பியர் நாவில் புரண்டு கோரமண்டல் ஆயிற்று என்பது பெரும்பாலோர் கொள்கை. அப்படியானால் இத்தட்டிகள் நம் கடற்கரையில் செய்யப்பட்டவையா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. ஒரு பலகையேனும், ஒரு கைப்பிடி வண்ணமேனும் நம் கரையைச் சேர்ந்ததன்று. அனைத்தும் சீனத்தின் வேலை.

சீனர் இவ்வேலையைச் ‘குவான்சாய்’ என்பர்; செதுக்கி வண்ணமிடல் என்பது அதன் கருத்து. மிங் அரசர் காலத்து அரக்குக் கைவினைஞர் ஹுவாங் செங் தம் தொழிலைப் பற்றி எழுதிய நூலிலேயே இம்முறை குறிக்கப்பெற்றுள்ளது. ஆயினும், இன்று எஞ்சியுள்ள பெருந்தட்டிகள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே மிகுதியாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் 12 பலகைகள் கொண்டது ஒரு தட்டி. முதலில் பலகையின்மேல் மண்பொடியைப் பசைப்பொருளுடன் குழைத்துத் தடிப்பாக அடிப்பூச்சு இடுவர். அது இறுகியபின் கரிய மெருகை மெல்லிய படலமாகப் பலமுறை ஏற்றுவர். பிறகு கூரிய உளியால் மெருகைப் பிளந்து, கீழுள்ள வெண்ணிற அடிப்பூச்சு தெரியும்வரை செதுக்கிச் சித்திரம் வரைவர். உருவின் விளிம்புக் கோடுகளை மட்டும் கறுப்பாகவே விட்டுவிடுவர். குழிந்த இடங்களில் வண்ணம் நிரப்புவர். மேடும் பள்ளமுமாக ஒளி விழும்போது, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இடைப்பட்ட ஓர் அழகு பிறக்கிறது.

இவை வெளிநாட்டு வாணிகத்துக்கென்றே பிறந்தவை அல்ல. உயர்ந்த அதிகாரி ஒருவரின் பிறந்தநாளுக்கு நண்பரும் உடன் பணியாற்றியோரும் அளித்த பரிசாகப் பல தட்டிகள் செய்யப்பட்டன. பின்புறத்தில் வாழ்த்துரையும், பெறுவோர் பெயரும், ஆண்டும் பொறித்தவை உண்டு. பெருமையோடு நடுக்கூடத்தில் நின்ற இப்பொருள், ஐரோப்பியக் கப்பல்களின் கண்ணில் பட்ட பிறகே சரக்காயிற்று.

பெயர் வந்த கதை எளியது. சீனச் சரக்கு நேரே ஐரோப்பாவுக்குப் போகவில்லை. சென்னை, புதுச்சேரி முதலிய நம் கரைத் துறைகளுக்கு வந்து, அங்கே தாயகம் திரும்பும் கம்பெனிக் கப்பல்களுக்கு மாற்றி ஏற்றப்பட்டது. ஏற்றிய துறையின் பெயரே சரக்கின் பெயராக நிலைத்தது. இதிலும் நமக்கு முதலிடம் இல்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் இதனைப் ‘பாண்டம் வேலை’ என்றனர். பாண்டம் என்பது ஜாவாத் தீவின் துறைமுகம்; 1682 வரை ஆங்கிலக் கம்பெனியின் பண்டசாலை அங்கே இருந்தது. அத்துறை கைநழுவிய பின்னர், காலப்போக்கில் கோரமண்டல் என்னும் பெயர் வழக்கில் வந்தது. இன்னொரு குழப்பமும் உண்டு. வரியோடிய ஒருவகைக் கருங்காலி மரத்தையும் இலண்டன் வணிகர் கோரமண்டல் என்றே விற்றனர். ஆகவே, பழம்பொருள் ஏலப் பட்டியலில் இச்சொல்லைக் கண்டால், அது மரத்தைச் சுட்டுகிறதா, மெருகைச் சுட்டுகிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இங்கே ஒரு சங்கடம் நேர்கிறது. ஆங்கிலத்தில் ‘கோரமண்டல் லாக்கர்’ என்று இருப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘சோழமண்டல அரக்கு’ என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் செவிக்கு இனிக்கும். ஆனால் இரண்டு சொல்லும் பொய்யாகும். முதற்சொல்லின் பொய்யைக் கண்டோம். இரண்டாவதும் அத்தகையதே. நம் அரக்கு ஒரு சிறு பூச்சி தரும் பொருள். பலாசு, இலந்தை முதலிய மரங்களின் இளங்கிளைகளில் அப்பூச்சி கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரக்கிறது. பாண்டவரைச் சுட்டெரிக்கக் கட்டிய மாளிகையும், நம் அலுவலகங்களில் உறையின்மேல் உருக்கி ஊற்றும் முத்திரையும் இந்த அரக்கின் வழி வந்தவை.

சீனரின் மெருகோ ஒரு மரத்தின் பால். அம்மரம் மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சேங்கொட்டைக்கும் உறவு. சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டைச் சாறு மேலே பட்டால் தோல் புண்ணாகும் அன்றோ? அதே குணம் சீனத்து மரப்பாலுக்கும் உண்டு. அரக்கு சூட்டில் உருகும், மதுசாரத்தில் கரையும். இறுகிய மரப்பால் மெருகு உருகாது. மதுசாரத்துக்கும் எளிதில் அசையாது. அதைவிட வியப்பு, அது வெயிலில் காய்வதில்லை. ஈரக்காற்று இருந்தால்தான் இறுகும். ஆதலால் கைவினைஞர் ஒவ்வொரு பூச்சுக்குப் பின்னும் பொருளை ஈரம் தேக்கிய அறையில் வைத்துக் காத்திருப்பர். இத்தனை வேறுபட்ட பொருளுக்கு ‘லாக்கர்’ என்ற பெயர், வடமொழியில் அரக்கைக் குறிக்கும் ‘லாக்ஷா’ என்னும் சொல்லிலிருந்து அரபு, போர்ச்சுகீசு முதலிய மொழிகளைக் கடந்து போய்ச் சேர்ந்தது. சீனன் கைவேலைக்கு ஊர்ப்பெயரும் பொருட்பெயரும் இந்தியாவிலிருந்தே கிடைத்தன. சீனன் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ‘கோரமண்டல் மரப்பால் மெருகு’ என்பதே நாம் ஏற்கக்கூடிய தொடர். முதற்சொல் வணிக வழக்கு என்பதால் அதனை அப்படியே விட்டுவிடலாம்.

ஐரோப்பாவில் இத்தட்டிகளுக்கு நேர்ந்த கதி மனத்தை வருத்துவது. பெருவிலை கொடுத்து வாங்கியவர்கள் அவற்றை வாளால் அறுத்துத் துண்டாக்கினர். துண்டுகள் அலமாரிக் கதவாயின, கண்ணாடிச் சட்டமாயின, சுவர்ப்பலகையாயின. வாழ்த்துரை பொறித்த பலகை ஒரு வீட்டிலும், வாழ்த்துப் பெற்றவரின் பெயர் மற்றொரு வீட்டிலுமாகப் பிரிந்தது. 1688இல் ஸ்டாக்கர், பார்க்கர் என்னும் இருவர் ஆக்ஸ்போர்டில் வெளியிட்ட மெருகுக் கலை நூல் இதனைக் கேலி செய்கிறது. பழந்தட்டியை வெட்டிப் புதிய பேழை செய்கிறவர்கள், மனிதரும் மரமும் தலைகீழாகத் தொங்கும்படி ஒட்டிவைக்கிறார்கள் என்பது அவர்கள் குறை. பாரிசுத் தச்சர் இன்னும் நுட்பமாக அறுத்தனர். பலகையின் பின்புறத்தைச் சீவி மெல்லிய ஏடாக்கி, வளைந்த இழுப்பறைப் பெட்டியின் முகத்தில் ஒட்டினர். ரிசாம்பர்க் என்னும் புகழ்பெற்ற தச்சர், ஜப்பானிய மெருகுப் பலகையை இவ்வாறு பதித்துச் செய்த பெட்டி ஒன்று, 1737இல் பிரெஞ்சு அரசியாரின் அறைக்குச் சென்றது.

தட்டி வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வர்? அந்த மரம் ஐரோப்பாவில் விளையவில்லை. அதன் பாலைப் பதமாகக் கப்பலில் கொண்டுபோவதும் கடினம். அங்கேதான் நம் அரக்கு உள்ளே நுழைகிறது. மேற்சொன்ன 1688ஆம் ஆண்டு நூல் கற்பிப்பது சீன முறையன்று. இந்திய அரக்கை மதுசாரத்தில் கரைத்துப் பூசும் முறை. விளக்குப் புகைக்கரியைச் சேர்த்தால் கறுப்பு நிறம் கிட்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. ஒவ்வொன்றும் உலர்ந்தபின் நுண்ணிய கற்பொடியால் தேய்ப்பு. மலையும் பறவையும் புடைத்துத் தோன்ற, கோந்தும் மரத்தூளும் குழைத்த களிம்பை வைத்து, அதன்மேல் பொன்னிறப் பொடி தூவினர். இந்த வேலைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘ஜப்பானிங்’. பொருள் இந்தியாவினது, பாவனை சீனத்தினது, பெயர் ஜப்பானினது!

பழைய மேசையும் பெட்டியும் இம்முறையில் புத்துருப் பெறுவது ஒரு மோகமாயிற்று. தச்சுப் பட்டறையோடு நில்லாமல் வீட்டுப் பெண்டிரின் பொழுதுபோக்காகவும் பரவியது. 1760ஐ ஒட்டி இலண்டனில், வெட்டி ஒட்டுவதற்கென்றே அச்சிட்ட பூவும் பூச்சியும் சீன உருவங்களும் அடங்கிய படநூல் மகளிருக்காக வெளிவந்தது. படத்தைக் கத்தரித்துப் பழம்பெட்டியில் ஒட்டி, மேலே மெருகெண்ணெய் பூசினால் வேலை முடிந்தது. வெனிசு நகரத்தார் இதனையே ஏழையின் மெருகு என்றனர். இதை மலிவு வேலை என்று தள்ளிவிடுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. அரிய தட்டியை அறுத்துக் கெடுத்த செல்வரைவிட, அச்சுப்படம் ஒட்டிய எளியோர் செய்த தீங்கு குறைவு.

இந்த அரக்கைத் தந்த கைகளைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். இன்றைய ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மேற்கு வங்கக் காட்டுப்புறங்களே இதன் பெருநிலம். கிளையிலிருந்து சுரண்டிய அரக்கைக் கழுவி, நீண்ட துணிப்பையில் அடைத்து, கனல் அடுப்பின் எதிரே ஒரு முனையை முறுக்குவர். உருகிக் கசிவதைத் திரட்டி, சூடு ஆறுவதற்குள் கையாலும் காலாலும் பல்லாலும் பற்றி இழுத்து, கண்ணாடி போன்ற பெருந்தாளாக விரித்து, பின் நொறுக்குவர். தில்லிக் கடைத்தெருவில் தச்சர் ‘சப்ரா’ என்று கேட்டு வாங்கும் செதில் அதுவே. இராஞ்சியை அடுத்த நாம்குமில் அரக்கு ஆராய்ச்சிக்கென 1924இல் தொடங்கிய முயற்சி, பெயர்கள் மாறியும் இன்றுவரை தொடர்கிறது.

நம் கரையில் மரவேலை இல்லாமலா போயிற்று என்று நேயர்கள் கேட்கக்கூடும். நன்றாகவே இருந்தது. அதே கரையின் வடபால் விசாகப்பட்டினத்தில், 18ஆம் நூற்றாண்டில், தேக்கிலும் நூக்கு மரத்திலும் யானைத் தந்தம் பதித்த நாற்காலிகளும் பேழைகளும் கம்பெனி அதிகாரிகளுக்காகச் செய்யப்பட்டன. தந்தத்தில் கொடியும் பூவும் கீறி, கீறலில் கரிய அரக்கை நிரப்புவது அவர் வழக்கம். செதுக்கி நிரப்புதல் என்னும் அதே கருத்து, வேறொரு பொருளில் அங்கே தனியே விளங்கியது. அதற்குக் கோரமண்டல் என்னும் பெயரை எவரும் சூட்டவில்லை. 1989இல் உலக நாடுகள் தந்த வணிகத்தைத் தடை செய்தன. இனி அத்தகைய புதுப்பொருள் தோன்ற வழியில்லை. தோன்ற வேண்டியதும் இல்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெளிமாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் பலரிடம் ஊரிலிருந்து வந்த ஒரு பெட்டியோ, கடைசல் கால் கட்டிலோ இருக்கிறது. நிறம் மங்கியதும் அதனைச் சுரண்டி, புதுவண்ணம் அடித்துவிடும் எண்ணம் எழுகிறது. சுரண்டுமுன், கண்ணுக்குப் படாத அடிப்புறத்தில் பஞ்சால் துளி ஸ்பிரிட்டைத் தொட்டுப் பாருங்கள். மேற்பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. அதனைச் சுரண்டவே வேண்டா. அழுக்கையும் மெழுகையும் போக்கி, புதிய அரக்குக் கரைசலை மெல்லப் பூசினால் பழைய படலத்தோடு இரண்டறக் கலந்துவிடும். இளகவில்லை என்றால் எண்ணெய் வண்ணமாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருந்திருக்கக்கூடும். வீட்டுப் பூச்சில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்ற விதி 2016இல்தான் வெளிவந்தது. ஆகையால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூசி கிளப்புவது, குழந்தைகள் உள்ள வீட்டில் ஆகாது.

கையால் எழுதிய பூவோ, தெய்வ உருவமோ, முன்னோர் பெயரோ மேலே இருந்தால் ஸ்பிரிட்டும் வேண்டா, தண்ணீரும் வேண்டா. பழைய பசை வண்ணங்கள் ஈரத்துணி பட்டாலே கரையும். சீனத் தட்டிகள் பலவற்றின் நீலமும் பசுமையும் அவ்வாறு துடைத்துத் துடைத்தே போயின. மெல்லிய உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டி, நேர்வெயில் படாத சுவரோரமாகப் பெட்டியை நகர்த்தி வையுங்கள்.