சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் நோவு

அமெரிக்காவின் போஸ்ரன் நகரில், 1846 ஆம் ஆண்டில், ஈதர் கொண்டு நோயாளியை உறங்கவைத்துச் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். அது பெரு வெற்றியே. ஆயினும் பாதி வெற்றி. கத்தி பட்ட வேளையில் இல்லாத நோவு, மயக்கந் தெளிந்ததும் முழு வலிமையோடு வந்து சேர்ந்தது. வயிற்றிற் சிகிச்சை பெற்றோர் நிலை மிகக் கொடிது. ஆழ மூச்செடுத்தாலும் இருமினாலும் காயம் வலிக்கும். அதற்கஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவோரின் நுரையீரலிற் சளி தேங்கும், நிமோனியாவும் தொடரக்கூடும். ஆகவே நோவு தணித்தல் வெறும் சௌகரியமன்று, உயிர்காக்கும் கருமமுமாகும்.

ஜேர்மனியின் கீல் நகரில் 1898 இல் ஓகஸ்ட் பியர் என்பார் முண்ணாணைச் சூழ்ந்த நீரிற் கொக்கெயினைச் செலுத்தி, உடலின் கீழ்ப்பாதியை உணர்விழக்கச் செய்தார். ஸ்பானிய இராணுவ வைத்தியர் பிடெல் பாகேஸ் 1921 இல், முண்ணாணின் தடித்த உறையைத் துளைக்காது, அதற்கு வெளியேயுள்ள இடைவெளியில் மருந்திடும் முறையை வெளியிட்டார். இதுவே எபிடியூரல் முறை. அவர் 1923 இல் வீதி விபத்தில் மாண்டார். முறையோ இத்தாலியரான டொக்லியோட்டியால் 1930களிற் பரவியது. கியூபாவின் குர்பெலோ 1947 இல் அவ்விடைவெளியில் மெல்லிய குழாயொன்றை நிறுத்தி, மருந்தை மீண்டும் மீண்டும் செலுத்த வழிகண்டார்.

எனினும் உணர்விழக்கச் செய்யும் மருந்து தனித்து நின்றால், அளவு கூடுகையில் இரத்த அழுக்கம் வீழும், கால்கள் தளரும். அளவு குறைந்தால் நோவு எஞ்சும். எனவே துணை மருந்து வேண்டப்பட்டது.

அதிரினலீன் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்து விரைவில் அகலாது தடுத்தது. அபினின் வழிவந்த மோர்பீன் பற்றும் ஏற்பிகள் நரம்பு மண்டலத்தில் உள்ளனவென 1973 இல் நிறுவப்பட்டது. 1976 இல் எலிகளின் முண்ணாணிற் சோதனை நிகழ்ந்தது. 1979 இல் எருசலேம் வைத்தியர்கள் மனிதரில் எபிடியூரல் வழியே அதனைக் கொடுத்துப் பயன் கண்டனர். சிறிதளவே பல மணிநேரம் நோவைத் தணித்தது. ஆனால் நீரிற் கரையும் மோர்பீன் முண்ணாண் நீரின் வழியே மெல்ல மூளை நோக்கி ஏறி, பல மணிநேரத்தின் பின்னும் சுவாசத்தை ஒடுக்கக்கூடும். உடலரிப்பும் குமட்டலும் உண்டு.

பெல்ஜியத்தின் போல் ஜான்சென் 1960 இல் ஆக்கிய பென்ரனில் கொழுப்பிற் கரைவது. அது விரைந்து செயற்பட்டு, இட்ட இடத்தினருகே தங்கி, விரைவில் தணியும். ஆதலால் நீர்த்த புபிவக்கெயினுடன் சேர்த்து, பம்பி வழியே இடையறாது செலுத்தப்படுகின்றது. மூக்கடைப்பு நீக்கும் நோக்கில் ஆக்கப்பட்ட குளொனிடின், 1980களில் இத்துறையுட் புகுந்தது. அது மோர்பீனைப்போற் சுவாசத்தை ஒடுக்குவதில்லை. ஆனால் இரத்த அழுக்கத்தைத் தாழ்த்தி, உறக்கந் தரும்.

இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு ஒரே விடையில்லை. நீண்ட பயன் வேண்டின் மோர்பீன். ஆயின் சுவாசத்தை நெடுநேரம் கண்காணித்தல் வேண்டும். விரைவு வேண்டின் பென்ரனில். இரத்த அழுக்கம் தாழ்ந்தவர்க்குக் குளொனிடின் ஆகாது.

எபிடியூரல் முறையையும் மிகைப்படப் புகழ்தல் தகாது. 2002 இல் வெளியான ஆய்வொன்றில், பெரும் வயிற்றுச் சிகிச்சை பெற்ற, ஆபத்து மிக்க நோயாளர் 915 பேர் ஒப்பிடப்பட்டனர். இம்முறை பெற்றோரிடம் நோவும் சுவாசச் செயலிழப்பும் குறைந்தன. மரணமோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மருந்தின் தேர்வு எதுவாயினும், இரவு முழுதும் நோயாளியின் மூச்சை எண்ணிப் பார்க்கும் தாதியின் விழிப்பே அதற்கு உற்ற காவல்.