சுல்தான் மூசா கியாதுதீன் ரியாயத் ஷா

மூசா கியாதுதீன் ரியாயத் ஷா (1893–1955): சிலாங்கூரின் ஏழாவது சுல்தான்; ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரியணை ஏறி, அவர்கள் வீழ்ந்ததும் அதனை இழந்தவர்.

பூகிஸ் வம்சத்து ராஜா லுமு, சுல்தான் சலேகுதீன் என்னும் பட்டத்தோடு 1766இல் முடிசூடி, கோல சிலாங்கூரைத் தலைநகராகக் கொண்டு நிறுவிய இந்த ராஜ்யத்தில், தந்தைக்குப் பின் தனயன் என்னும் நியதி எப்போதும் தடையின்றி நடந்துவிடவில்லை. சுல்தான் முகம்மது 1857இல் மறைந்தபோது, லுக்குட்டின் ராஜா ஜுமாத்தும் அவர் சகோதரர் ராஜா அப்துல்லாவும் முன்னின்று, இளவயதினரான மகன் ராஜா மாமூட்டை விடுத்து, மறைந்தவரின் சகோதரர் மகனும் மருமகனுமாகிய அப்துல் சமாதை அரசராக்கினர். அந்த விவகாரம் அரச குலத்தார்க்குள்ளேயே தீர்ந்தது. மூசாவின் விதியை நிர்ணயித்தவர்களோ அந்நியர்கள்.

சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷாவுக்குப் பட்டத்து ராணியிடம் பிறந்த மூத்த மைந்தராகிய மூசா, ராஜா மூடா என்னும் இளவரசுப் பதவியில் இருந்தார். அவருடைய நடத்தை சரியில்லையென்று குற்றஞ்சாட்டி, ஆங்கிலேய ரெசிடெண்ட் தியோடர் ஆடம்ஸ் அவரை விலக்கச் செய்தார். முதிய சுல்தான் குடியேற்ற நாட்டு மந்திரிக்கு விண்ணப்பித்ததும், லண்டனுக்கே சென்று வாதாடியதும் பயன்படவில்லை. தந்தையின் மன்றாட்டுக்கும் மலாய் மக்கள் பலரின் விருப்பத்திற்கும் மாறாக, 1936 ஜூலையில் வேறொரு தாய்க்குப் பிறந்த இளவல் ஆலம் ஷா இளவரசரானார். 1938இல் தந்தை காலமானதும், அவரே சுல்தான் ஹிசாமுதீன் என அரியணை ஏறினார்.

1942 ஜனவரியில் கோலாலம்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியர், ஹிசாமுதீனை வரவழைத்து, அரச சின்னங்களைத் தமையனிடம் ஒப்படைக்கப் பணித்தனர். மூசா 1943 நவம்பரில் சுல்தானாகப் பிரகடனம் செய்யப்பட்டார். ஹிசாமுதீனோ, ஜப்பானியர் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் அளிக்க முன்வந்த படித்தொகையை மறுத்துவிட்டார். அவருடைய பெருமைக்கு இதுவே தக்க சான்று என்பது நம் அபிப்பிராயம். தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் ஜப்பானியர் அமைத்த சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்ட கொடுங்காலமும் அதுவே. அதனைத் தடுக்கும் வல்லமை அன்றைய அரியணைக்கு இருக்கவில்லை.

1945 செப்டம்பரில் திரும்பிய ஆங்கிலேயர் ஹிசாமுதீனை மீண்டும் அமர்த்தி, மூசாவைக் கொக்கோஸ் தீவுகளுக்கு நாடுகடத்தினர். நோயுற்றுத் தாயகம் திரும்பிய அவர் 1955 நவம்பரில் காலமானார். 1960 ஏப்ரலில் மலாயாவின் பேரரசரான ஹிசாமுதீனும் அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி, முடிசூட்டு வைபவம் நிகழுமுன்பே மறைந்தார். மூசாவின் ஆட்சியை ஆங்கிலேயர் ஏற்கவில்லையெனினும், சிலாங்கூர் அரச வம்சாவளி அவரை விலக்கவில்லை. ஹிசாமுதீனின் மைந்தர் சலாகுதீன் எட்டாமவராகவும், பேரர் ஷராபுதீன் ஒன்பதாமவராகவும் எண்ணப்படுவது ஏழாம் இடத்தில் மூசாவை வைத்தே.