எத்தனை குதிரை? எத்தனை கிலோ?

எட்டு அடி நீளம். பிளைவுட் பலகை, பசை, கொஞ்சம் ஸ்க்ரூ. கார் ஷெட்டில் அப்பாவும் பையனுமாகச் சேர்ந்து சில வார விடுமுறைகளில் கட்டி முடித்துவிடலாம். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் 'சயின்ஸ் அண்ட் மெக்கானிக்ஸ்' பத்திரிகை வெளியிட்ட 'மினிமேக்ஸ்' என்கிற குட்டிப் படகின் கதை இது. வரைபடம் போட்டவர் வில்லியம் ஜாக்சன். இன்றைக்கும் அதைப் பார்த்துப் படகு கட்டுகிறவர்கள் உண்டு.

இந்த ரகத்துக்கு ஹைட்ரோபிளேன் என்று பெயர். சாதாரணப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். இதுவோ வேகம் பிடித்ததும் தண்ணீர் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை விட்டெறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, ஏறக்குறைய அந்த வித்தைதான்.

சரி, படகு தயார். பின்னால் எந்த மோட்டாரை மாட்டுவது?

'இருக்கிறதிலேயே பெரிசா ஒண்ணு மாட்டுப்பா' என்றுதான் ஆசை சொல்லும். கேட்டால் வம்பு! மோட்டார் கனமாக இருந்தால் பின்பக்கம் அமுங்கி, மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும். படகு தண்ணீர் மேல் ஏறவே ஏறாது. முக்கி முனகி ஏறிவிட்டது, சக்தியும் அளவுக்கு மேலே என்றால் இன்னும் மோசம். அடியில் காற்று புகுந்து, படகைத் தூக்கி மல்லாக்கப் போட்டுவிடும். உள்ளே மண்டி போட்டு உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை.

ஆகவே எத்தனை குதிரைசக்தி என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு குதிரைக்கு எத்தனை கிலோ? பி.காம். படித்தவனுக்கு இப்படி யூனிட் கணக்குப் போட்டால்தான் எதுவும் புரிகிறது. அவுட்போர்டு மோட்டாரின் நூறு வருஷச் சரித்திரமும் கிட்டத்தட்ட இந்த ஒரே கணக்குதான்.

ஓலே எவின்ரூட் என்று ஒருவர். நார்வேயில் 1877-ல் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்தவர். 1906-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்குப் பிக்னிக் போனபோது, காதலி பெஸ் ஐஸ்க்ரீம் கேட்டாராம். இவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் எல்லாம் உருகிப் போச்சாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் மோட்டார் என்பார்கள். (அதற்கு முன்பே, 1905 வாக்கில், கேமரன் வாட்டர்மேன் என்பவர் இதே யோசனையில் இறங்கிவிட்டார். பாவம், அவர் கதையில் ஐஸ்க்ரீம் இல்லை!)

1909-ல் எவின்ரூட் மோட்டார் விற்பனைக்கு வந்தது. ஒன்றரைக் குதிரைசக்தி. எடை 62 பவுண்ட், அதாவது 28 கிலோ. விலையும் 62 டாலர். கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரைக்குக் கிட்டத்தட்ட 19 கிலோ! மீன் பிடிக்கிறவருக்கு இது வரப்பிரசாதம். ஆனால் தண்ணீர் மேல் ஏறுவதெல்லாம் நடக்காத காரியம்.

பெஸ்ஸை மணந்துகொண்டு தொழிலையும் சேர்ந்தே நடத்தினார் ஓலே. மனைவியின் உடம்பு கெட்டுப்போகவே, 1914-ல் தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயருக்கு விற்றுவிட்டு வெளியேறினார். ஐந்து வருஷத்துக்கு மோட்டார் தொழில் பக்கமே வரக்கூடாது என்று ஒப்பந்தம். அது முடிந்ததும் அலுமினியத்தில் ஒரு புது மோட்டாரை வடிவமைத்து, மரியாதையாகப் பழைய கூட்டாளியிடமே கொண்டுபோனார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வியாபாரத்தில் இதைவிடக் காஸ்ட்லியான 'வேண்டாம்' எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை!

ஓலே தனிக்கடை போட்டார். மோட்டாருக்குப் பெயர் 'எல்ட்டோ'. எவின்ரூட் லைட் ட்வின் அவுட்போர்டு என்பதன் சுருக்கம். லேசானது என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார். 3 குதிரைசக்தி, எடை 50 பவுண்டுக்குள். குதிரைக்குச் சுமார் 7 கிலோ. இந்தியானாவிலிருந்து ஜான்சன் சகோதரர்களும் 35 பவுண்டில் ஒரு மோட்டாரோடு போட்டிக்கு வந்தார்கள். 1926-ல் அவர்கள் விட்ட 6 குதிரைசக்தி 'பிக் ட்வின்', சின்னப் படகை மணிக்கு 16 மைல் வேகத்தில் ஓட்டியது. படகுகள் தண்ணீர் மேல் ஏறத் தொடங்கிவிட்டன. 1929-ல் எல்ட்டோவும் எவின்ரூட்டும் ஒரே கம்பெனியாக இணைந்தபோது தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தது யார்? சாட்சாத் ஓலேதான்.

அடுத்த அத்தியாயம் கார்ல் கீக்ஹேஃபர். 1939-ல் விஸ்கான்சினில் நொடித்துப்போன ஒரு மோட்டார் தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே பார்த்தால், வாடிக்கையாளர் 'சரியில்லை' என்று ஒதுக்கிய சுமார் 300 மோட்டார்கள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிரித்துச் சீர்செய்து அதே வாடிக்கையாளருக்கே விற்றார் மனுஷர். அதுதான் மெர்க்குரி கம்பெனியின் விதை. உலகப் போருக்குப் பின் அவர் கொண்டுவந்த 'லைட்னிங்' மோட்டாரின் மேல் 10 குதிரைசக்தி என்று எழுதியிருந்தது. ஓட்டிப் பார்த்தவர்களோ பத்துக்கு ரொம்ப மேலே என்று சத்தியம் செய்தார்கள். நம் ஊரில் ஸ்டிக்கர் கூடுதலாகச் சொல்லும், சரக்கு குறைவாக இருக்கும். இங்கே தலைகீழ்! வீட்டில் கட்டிய ஹைட்ரோபிளேன்காரர்கள் மெர்க்குரி மேல் பைத்தியமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. 1950-களில் பந்தயத்துக்கென்றே 'மார்க் 20ஹெச்' வந்து அந்தப் பைத்தியத்தை முற்ற வைத்தது.

இவ்வளவு தூரம் இறங்கிவந்த எடை பிறகு மேலே ஏறியதுதான் வேடிக்கை. அந்த மோட்டார்கள் எல்லாம் டூ-ஸ்ட்ரோக். லேசானவை. ஆனால் எரியாத பெட்ரோலையும் ஆயிலையும் ஏரியிலேயே கக்கும். அமெரிக்க அரசு 1998-லிருந்து 2006-க்குள் படிப்படியாகப் புகை விதிகளை இறுக்க, பழைய பாணி டூ-ஸ்ட்ரோக் அங்கே ஷோரூமை விட்டுக் காணாமல் போச்சு. ஏரி பிழைத்தது, நியாயம்தான். ஆனால் நம் எட்டடிப் படகுக்காரர் கதி? ஜப்பானின் தொஹாட்சு கம்பெனியின் 9.8 குதிரைசக்தி மோட்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் 26 கிலோ. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் 37 கிலோ. சக்தி அதேதான், பின்பலகையில் 11 கிலோ கூடுதல். எட்டடிப் படகுக்கு இது சின்ன விஷயமில்லை.

எவின்ரூட் என்ற பெயரில் மோட்டார் தயாரிப்பதே 2020-ல் நின்றுவிட்டது. ஆகவே அமெரிக்காவில் இன்றைக்கு மினிமேக்ஸ் கட்டுகிறவர் பழைய டூ-ஸ்ட்ரோக்கைத் தேடி அலைகிறார். கிடைத்தால், முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் பார்க்கிறார். இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். அடுத்து, கீழே கியர் பெட்டி ஸ்க்ரூவைத் திருகி ஆயிலைக் கொஞ்சம் ஒழுக விடுகிறார். பால் மாதிரி வெளுத்து வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பேரம் அதற்குப் பிறகுதான்.