பெயிலோவர் (மெய்நிகர்க் கணினி)

பெயிலோவர் என்பது, முதன்மைத் தரவு மையம் தீ, வெள்ளம், மின்தடை போன்றவற்றால் செயலிழக்கும்போது, அங்கு இயங்கிய மெய்நிகர்க் கணினிகளை வேறோர் இடத்தில் உள்ள நகல்களைக் கொண்டு தொடர்ந்து இயக்கும் செயற்பாடு ஆகும். காப்புநகல் எடுத்தலும் இதுவும் ஒன்றல்ல. காப்புநகல் தரவைக் காக்கிறது. பெயிலோவர் சேவையைத் தொடரச் செய்கிறது.

மெய்நிகர்க் கணினியின் வன்தட்டு பெரும்பாலும் ஒரு கோப்பாகவே சேமிக்கப்படுகின்றது. ஆகவே அதே வகையான வன்பொருள் இல்லாத இடத்திலும் அதனை இயக்கலாம். விஎம்வேர் நிறுவனத்தின் சைட் ரிக்கவரி மேனேஜர் 2008 இலும், மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்-வி ரெப்ளிக்கா விண்டோஸ் சர்வர் 2012 உடனும் வெளிவந்தன.

== நகலாக்கம் ==

முதன்மைத் தளத்தில் நிகழும் மாற்றங்கள் தொடர்ந்து மாற்றுத் தளத்துக்கு அனுப்பப்படுகின்றன. எவ்வளவு நேரத்துத் தரவை இழக்கலாம் என்பது மீட்புப் புள்ளி இலக்கு. எவ்வளவு நேரத்துக்குள் சேவை மீள வேண்டும் என்பது மீட்பு நேர இலக்கு. ஒவ்வொரு எழுத்தும் இரு தளங்களிலும் பதிவான பின்னரே நிறைவுறும் ஒத்திசைவு முறையில் இழப்பு ஏறத்தாழ இல்லை. ஆனால் கண்ணாடி இழையில் ஒளி 100 கி.மீ. சென்று திரும்ப ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆவதால், தொலைவு கூடக்கூட இம்முறை மெதுவாகும். தொலைவிலுள்ள தளங்களுக்கு இடைவெளி விட்டு அனுப்பும் முறையே ஏற்றது. ஹைப்பர்-வி ரெப்ளிக்காவில் 2012 பதிப்பில் 5 நிமிடமாக மட்டும் இருந்த இடைவெளி, 2012 ஆர்2 பதிப்பில் 30 நொடி, 5 நிமிடம், 15 நிமிடம் என விரிந்தது.

தவறுதலாக அழித்த கோப்பும், நச்சுநிரல் பாதிப்பும் அப்படியே நகலுக்குச் சென்றுவிடும். இதனாலேயே பழைய மீட்புப் புள்ளிகள் சிலவும் வைக்கப்படுகின்றன.

== வகைகள் ==

முன்கூட்டியே தெரிந்த பராமரிப்பு அல்லது புயல் எச்சரிக்கையின்போது செய்வது திட்டமிட்ட பெயிலோவர். முதன்மைக் கணினியை நிறுத்தி, எஞ்சிய மாற்றங்களையும் அனுப்பிய பின்னரே நகல் இயக்கப்படுவதால் தரவு இழப்பு இல்லை. முதன்மைத் தளம் திடீரென வீழ்ந்தால் செய்யப்படுவதில், கடைசியாக வந்து சேர்ந்த மீட்புப் புள்ளிக்குப் பிந்திய தரவு இழக்கப்படும். மூன்றாவது சோதனை பெயிலோவர். இதில் நகலின் படியொன்று தனித்த வலையமைப்பில் இயக்கிப் பார்க்கப்படும். உண்மையான சேவை பாதிக்கப்படாது. பெரும்பாலும் தள்ளிப்போடப்படுவதும் இதுவே.

== நிகழும் முறை ==

முதலில், முதன்மைத் தளம் உண்மையிலேயே வீழ்ந்ததா, வலையமைப்பு மட்டும் துண்டிக்கப்பட்டதா என உறுதி செய்யப்படும். இரு தளங்களிலும் ஒரே கணினி இயங்கிப் பயனர்களின் பதிவுகளை ஏற்றால், பின்னர் அவற்றை ஒன்றிணைப்பது மிகக் கடினம். அடுத்து மீட்புப் புள்ளி தெரிவு செய்யப்பட்டு, கணினிகள் வரிசைப்படி இயக்கப்படும்: ஆள்களப் பெயர், பயனர் அடையாளம் ஆகியவற்றுக்கான வழங்கிகள் முதலிலும், தரவுத்தளம் அடுத்தும், அதனை நம்பியிருக்கும் பயன்பாடுகள் இறுதியிலும். மாற்றுத் தளத்தின் ஐபி முகவரிகள் வேறாக இருப்பின் ஆள்களப் பெயர்ப் பதிவுகளும் மாற்றப்பட வேண்டும். பழைய முகவரி ஆங்காங்கே தேங்கியிருக்கும் காலம் வரை சில பயனர்களுக்குச் சேவை கிட்டாது.

== காக்காவோ நிகழ்வு ==

2022 அக்டோபர் 15 அன்று தென்கொரியாவின் பாங்யோவில் உள்ள தரவு மையத்தின் மின்கல அறையில் தீப்பிடித்தது. அங்குள்ள வழங்கிகளை நம்பியிருந்த காக்காவோடாக் செய்திச் சேவையும், அதனுடன் இணைந்த வாடகைக்கார், பணம் செலுத்தல் சேவைகளும் முடங்கின. அனைத்தும் மீள 127 மணி 30 நிமிடம் ஆனது. மாற்று வழங்கிகள் வேறு மையங்களில் இருந்தன. ஆனால் அவற்றை இயக்கத் தேவையான மேலாண்மைக் கருவிகள் பாங்யோ மையத்துக்குள் மட்டுமே இரட்டிக்கப்பட்டிருந்தன எனக் கொரிய அரசின் ஆய்வு கண்டறிந்தது. மெய்நிகர்க் கணினிகளுக்கும் இது பொருந்தும். பெயிலோவரைத் தொடங்கும் மென்பொருள், கடவுச்சொற்கள், செய்முறைக் குறிப்பு ஆகியவை மாற்றுத் தளத்திலும் இல்லையெனில் நகல்கள் இருந்தும் பயனில்லை.

== திரும்புதல் ==

பெயிலோவருக்குப் பின் மாற்றுத் தளமே முதன்மைத் தளமாகிறது; அதற்கோ நகல் இல்லை. ஆகவே நகலாக்கத்தின் திசை திருப்பப்பட்டு, பழைய தளம் சீரானதும் புதிய மாற்றங்கள் அங்கு அனுப்பப்படுகின்றன. இரண்டும் சமமான பின்னர், பயன்பாடு குறைந்த நேரத்தில் திட்டமிட்ட பெயிலோவர் ஒன்றின் மூலம் சேவை பழைய இடத்துக்குத் திரும்புகின்றது. இது பெயில்பேக் எனப்படும்.