மின்புல, காந்தப்புல வலிமை அளவீடு

உயரழுத்த மின்தடங்களைச் சுற்றியுள்ள மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் உணரிகளால் அளந்தறியும் முறை. கோவில்பட்டி, புதூர் கரிசல் வட்டாரத்தில் இதற்கேற்ற களம், காற்றாலை மின்சாரம் வந்துசேரும் கயத்தாறு 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தின் வழித்தடங்கள்.

மின்புல உணரி இரு உலோகத் தகடுகளுக்கிடையே தூண்டப்படும் மின்னோட்டத்தை அளக்கிறது. காந்தப்புல உணரி, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று கம்பிச்சுருள்களில் எழும் மின்னழுத்தத்தை. கம்பி மிகத் தாழ்ந்து தொங்கும் இடத்தில், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். மனித உடலே மின்புலத்தைக் குலைக்கும். ஆகவே உணரியை முக்காலியில் நிறுத்தி, அளப்பவர் சில மீட்டர் விலகி நிற்பார். கையில் பிடித்து எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. ஆளுயர மக்காச்சோளமும் மின்புலத்தை மறைக்கும் என்பதால் அறுப்பு முடிந்த வெற்றுக்காடே உகந்தது. காந்தப்புலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

மின்புலம் மின்னழுத்தத்தைச் சார்ந்தது. நாள் முழுதும் அதிகம் மாறாது. காந்தப்புலமோ மின்னோட்டத்தைச் சார்ந்தது: ஆனி, ஆடிக் காற்றில் காற்றாலைகள் வேகமெடுக்கையில் ஏறும், காற்று ஓய்ந்தால் இறங்கும். ஒருநாள் அளவை வைத்து முடிவு சொல்லலாகாது. பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் பொதுமக்களுக்கு வகுத்த 50 ஹெர்ட்ஸ் வரம்பு: மின்புலத்துக்கு மீட்டருக்கு 5 கிலோவோல்ட், காந்தப்புலத்துக்கு 200 மைக்ரோடெஸ்லா.

புவியின் நிலையான காந்தப்புலம் அசையாச் சுருளில் பதியாது. அதற்குத் தனிக் காந்தமானிகள் வேண்டும். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் திருநெல்வேலி ஆய்வகம் அவ்வளவீட்டைச் செய்துவருகிறது.