அப்துல்லாஹி கர்ஷே

அப்துல்லாஹி கர்ஷே (1924–1994) சோமாலியக் கவிஞர், இசையமைப்பாளர், நாடக ஆசிரியர். நவீன சோமாலிய இசையின் தந்தை என்று போற்றப்படுபவர். இன்றைய தன்சானியாவில், கிளிமஞ்சாரோ அடிவாரத்து மோஷி நகரில் சோமாலியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை இறந்தபின் குடும்பம் ஏடனுக்குப் போனது. அரபுப் பாட்டும் இந்தித் திரைப்பாட்டும் கலந்து ஒலித்த துறைமுகம் அது. ஊத் வாத்தியத்தின்மேல் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான். பேரிக்காயைப் பாதியாகப் பிளந்தாற்போன்ற மரக்குடமும் பின்னோக்கி மடங்கிய தலையும் கொண்ட நரம்புக் கருவி அது. சமயப் பற்று மிகுந்த குடும்பத்தில் அதற்கு நல்ல பெயர் இல்லை.

இரண்டாம் உலகப்போர் முடியும் காலத்தில் பிரிட்டிஷ் சோமாலிலாந்துக்குத் திரும்பினார். சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை வந்தது 1972இல்தான். அதுவரை கவிதை வாயில் பிறந்து செவியில் வாழ்ந்தது. மோனைதான் அதற்குக் காவல். நம் யாப்பில் அடிக்கு அடி மோனை மாறலாம். சோமாலி மரபிலோ முதலடியில் எடுத்த எழுத்தைக் கடைசி அடிவரை விடக்கூடாது. 1940களில் லாரி ஓட்டுநரான அப்தி சினிமோ தொடங்கிய பல்வோ எனும் குறுங்காதல் பாட்டு, ஹேலோ என்ற நெடும்பாட்டாக வளர்ந்தது. அதனோடு ஊத்தை இணைத்ததே கர்ஷேயின் பெருஞ்சாதனை. காதலுக்கென்று பிறந்த வடிவம் அவர் கையில் விடுதலையைப் பேசியது.

1954இல் பிரிட்டன், ஹவுத் மேய்ச்சல் நிலத்தை எத்தியோப்பியாவிடம் ஒப்படைக்க உடன்பட்டது. மழைக்கேற்ப ஒட்டகங்களை ஓட்டிச் செல்லும் மக்களுக்கு அது வயிற்றில் விழுந்த அடி. கொதித்தெழுந்த தலைநகர் ஹர்கீசாவில் கர்ஷேயும் தோழர்களும் 'ஹர்கீசா சகோதரர்கள்' என்று பொருள்படும் வலாலோ ஹர்கீசா குழுவைத் தொடங்கினர். நாடக மேடையும் வானொலியும் அவர்கள் பாட்டைப் பாலைவனக் குடியிருப்புகள்வரை கொண்டுசென்றன. படிப்பறியாத மேய்ப்பருக்கும் அரசியல் எட்டியது இப்படித்தான். 1961இல் காங்கோவின் பிரதமராயிருந்த லுமும்பா கொல்லப்பட்டபோது, அவருக்காகவும் கர்ஷே பாடினார்.

1960 ஜூன் 26 அன்று சோமாலிலாந்து விடுதலை பெற்றது. ஜூலை 1இல், இத்தாலிய நிர்வாகத்தில் இருந்த தெற்கோடு இணைந்து சோமாலியக் குடியரசானது. வெளிர்நீலத்தில் வெண்ணிற ஐமுனை விண்மீன் பொறித்த கொடியைப் போற்றி கர்ஷே இயற்றிய 'கொலொபா அலன்கேத்' பாட்டு மக்கள் நாவில் நிலைத்தது. புதிய குடியரசோ, இத்தாலியரான ஜூசெப்பே பிளாங்க் அமைத்த, சொற்களே இல்லாத இசையை நாட்டுப்பண்ணாக வைத்துக்கொண்டது. கவிஞர்களின் நாடு என்று பெயர் பெற்ற மண்ணுக்கு ஊமைப் பண்! கர்ஷேயின் பாட்டு நாட்டுப்பண்ணானது 2012 ஆகஸ்டில், அவர் இறந்து 18 ஆண்டுகள் கழித்து.